ராகு காலத்துக்கு முன் பாதி, பின் பாதி

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தலைவர் துரைசாமி. எங்கள் உழவர் விதைக் குழுவுக்குத் தலைவர். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். ஒன்றுதான் எழுதும்.

நித்யா. கணினியில் உட்காரும் பெண். கல்லூரி முடித்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள்.

காளியன் மேஸ்திரி. அவர் சொன்னால்தான் மூட்டை நகரும். தலைவர் சொன்னால் நகராது.

அமிர்தம். குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறவர். அன்று டிராக்டரில் விதை நெல் கொண்டுவந்தவர்.

நான், தனம். மூட்டை வாயைத் தைப்பதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் என் வேலை.

மேசை மேல் கணினி. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்று அதிகம் பேசியது அதுதான்.

பல்லி

திருக்காட்டுப்பள்ளிக்கு மேற்கே, வாய்க்கால் கரையில் எங்கள் குடோன். ஆடி மாதம். வாய்க்காலில் புதுத் தண்ணீர் செம்மண் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. எந்த வருடம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சுமை தூக்குகிறவர்கள் எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்ட பிறகு.

இரண்டு நாளாக அறையில் டிக் டிக் என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தோம். தலைவர் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து திசை பார்ப்பார்.

"தென்கிழக்குலேர்ந்து சொல்லுது. நல்லதுதான்" என்றார்.

மறுநாளும் தென்கிழக்கிலிருந்தே சொன்னது. நித்யாவுக்குச் சந்தேகம் வந்தது. எழுந்து போய்க் கணினிப் பெட்டியில் காதை வைத்தாள்.

"தலைவரே, பல்லி இதுக்குள்ள இருக்கு."

"உள்ளயா? எப்படிப் போச்சு?"

"பல்லி இல்ல தலைவரே. டிஸ்க்குதான் இப்படிக் கத்துது."

தலைவர் கணினிப் பெட்டியை முறைத்துப் பார்த்தார். நல்ல சகுனம் என்று இரண்டு நாளாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தவர்.

நித்யா கும்பகோணத்துக்குப் போன் போட்டாள். அங்கே பஷீர் என்று ஒருவர். இந்தக் கணினியை வைத்துக் கொடுத்தவர் அவர்தான். எல்லோரும் பாய் என்போம். போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தாள். ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. அதனால் அவர் ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொன்னார்.

"டிஸ்க்கு போகப் போகுதும்மா. இன்னைக்கே காப்பி எடுத்துடுங்க. ஆனா மொதல்ல புரோகிராம மூடுங்க. யாரும் என்ட்ரி போடக் கூடாது. மூடிட்டு, அந்த ஃபோல்டர்ல இருக்கிறத எல்லாம் ஒரே மூச்சுல எடுங்க. ஒண்ணு விடாம. நான் நாளைக்கு காலையில வந்துடுறேன்."

மூன்று தடவை சொன்னதால் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எண் மட்டும்

அந்தக் கணினிக்குள் என்ன இருந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

முன்பெல்லாம் விதை மூட்டையின் வாயோரம் சாயம் பூசுவோம். குறுகிய நாள் நெல்லுக்குச் சிவப்பு. நீண்ட நாள் நெல்லுக்கு நீலம். கணினி வந்த பிறகு சாயத்தை விட்டோம். மூட்டைக்கு ஒரு ஸ்டிக்கர். அதில் கோடு கோடாக இருக்கும். கீழே ஓர் எண். அவ்வளவுதான். அந்த எண் யாருடைய நெல், என்ன ரகம், முளைப்பு எப்படி என்பதெல்லாம் கணினிக்குத்தான் தெரியும்.

சுத்தம் செய்கிற இயந்திரம் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ரகம் ஓடும். ஸ்டிக்கர் அடிக்கிற பெட்டி ஒன்று. எந்த இயந்திரத்தில் மூட்டை முன்னால் நிரம்புகிறதோ அதற்கு அடுத்த எண். காளியனின் ஆட்கள் கையில் கிடைத்ததைக் கொண்டுபோய் ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போடுவார்கள். எந்த ரகம் எங்கே என்று பார்ப்பதில்லை. கணினி பார்த்துக்கொள்ளும்.

அமிர்தம் அன்று கொண்டுவந்தது இரண்டு ரகம். ஒன்று நூற்றைந்து நாள் நெல். இன்னொன்று நூற்றைம்பது நாள். இரண்டும் சன்னம். இரண்டும் ஒரே நிறம். தட்டில் கொட்டி வைத்தால் அவரே குழம்புவார்.

நூற்றைம்பது நாள் நெல்லை அந்த வாரமே நாற்றங்காலில் விட்டாக வேண்டும். அமிர்தம் ஊரில் பல குடும்பங்கள் அவர் விதையைத்தான் நம்பியிருந்தன. நாற்றங்காலை உழுது, தண்ணீர் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அதில் நூற்றைந்து நாள் நெல் கலந்தால் அது ஐப்பசி அடைமழையில் பூக்கும். பூ மழையில் கரையும். கதிர் நிற்கும், உள்ளே பால் இருக்காது. மொத்தமும் பதர்.

விதை தப்பினால் வயல் ஒரு போகம் தப்பும். விதை கொடுத்தவர் பெயர் எத்தனை போகத்துக்குத் தப்பும் என்று சொல்ல முடியாது.

பத்தரைக்குள்

பாய் போனை வைத்ததும் வெளியே டிராக்டர் வந்து நின்றது. அமிர்தம் இறங்கினார். சேலையில் நெல் சுனை அப்பியிருந்தது. கழுத்தைச் சொறிந்துகொண்டே உள்ளே வந்தார்.

"தலைவரே, டிராக்டர் வாடகை வண்டி. மத்தியானத்துக்கு மேல நிக்காது. சட்டுனு எறக்கிக்குங்க."

நித்யா தலைவரைப் பார்த்தாள்.

"புரோகிராம மூடச் சொன்னாரு தலைவரே. மூடிட்டா ஸ்டிக்கர் அடிக்க முடியாது."

"அப்ப மூடாத."

"காப்பி எடுக்கணும்ல?"

தலைவர் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். பத்து தாண்டியிருந்தது.

"பத்தரைக்கு ராகு காலம் வருது. பன்னெண்டு வரைக்கும். அதுல இந்த மாதிரி காரியம் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. இப்ப நல்ல நேரம் ஓடுது. இப்பவே ஒரு ஃபைலப் போட்டு ஆரம்பிச்சு வச்சிடு. மிச்சத்தப் பன்னெண்டுக்கு மேல போட்டுக்கலாம். நடுவுல இவங்க மூட்டைய எறக்கிடலாம்."

நித்யா யோசித்தாள். "பாய் ஒரே மூச்சுலன்னு சொன்னாரே?"

"ஆரம்பிச்சதும் ஒரே காரியம்தானம்மா. வாசக்கால் ஒரு நாள் வைக்கிறோம், செவுரு ஒரு நாள் எழுப்புறோம். வீடு ஒண்ணுதானே?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நித்யா பென் டிரைவைச் செருகினாள். ரகம் இருக்கிற ஃபைல்தான் முக்கியம் என்று அதை முதலில் எடுத்தாள். தலைவர் பிள்ளையாரப்பா என்றார். பத்தரை ஆவதற்குள் அது முடிந்தது.

ராகு காலம் முழுவதும் நாங்கள் அமிர்தத்தின் நெல்லைச் சுத்தம் செய்து மூட்டை பிடித்தோம். நான் தைத்தேன். ஸ்டிக்கர் வந்தது, ஒட்டினேன். மொத்தம் அறுபத்திரண்டு மூட்டை.

பன்னிரண்டு அடித்ததும் நித்யா மற்ற ஃபைல்களை எடுத்தாள். ஒன்றை மட்டும் விட்டாள். அதைத் திறந்து பார்த்தால் ஒன்றும் புரியவில்லையாம். குப்பை மாதிரி இருந்ததாம். பென் டிரைவில் இடமும் இல்லை.

தம்பியின் பெட்டி

எங்களுக்கு இந்தப் பழக்கம் புதிது இல்லை.

என் தம்பி முதல் தடவை சிங்கப்பூர் போனபோது கிளம்பிய நாள் சரியில்லை. டிக்கெட்டை மாற்ற முடியுமா? அதனால் முதல் நாளே நல்ல நேரத்தில் அவன் பெட்டியைக் கொண்டுபோய் எதிர் வீட்டில் வைத்துவிட்டோம். பெட்டி புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

ஆனால் பெட்டி அப்போது பாதிதான் நிரம்பியிருந்தது. மிச்சத்தை மறுநாள் காலையில் வைத்தோம். என்ன வைத்தோம், என்ன வைக்கவில்லை என்று இரண்டு நாளுக்கும் நடுவில் குழம்பிப்போனது.

சிங்கப்பூரில் திறந்து பார்த்தான். ஊறுகாய் இரண்டு பாட்டில். இரண்டும் நார்த்தங்காய். போர்வை இரண்டு. சட்டை ஒன்றுகூட இல்லை. அதை அம்மா வைத்தாள் என்று நான் நினைத்தேன். நான் வைத்தேன் என்று அம்மா நினைத்தாள்.

இப்போதும் கூப்பிட்டால் அதைத்தான் முதலில் சொல்வான். "ரெண்டு போர்வைய வச்சுக்கிட்டு ஒரு வாரம் சாமியார் மாதிரி இருந்தேன்" என்பான்.

மாரியம்மன் கோயில் கூழ்

மூட்டை எல்லாம் இறங்கியதும் காளியனின் ஆட்கள் கோயிலுக்குக் கூழ் குடிக்கப் போனார்கள். நானும் தூக்குச் சட்டியோடு போனேன். வெயில். கூழில் சின்ன வெங்காயம் மிதந்தது. அங்கேயே நின்று இரண்டு குவளை குடித்தேன்.

திரும்பி வந்தபோது அறை அமைதியாக இருந்தது. டிக் டிக் இல்லை.

நித்யா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் கறுப்பு. அதில் ஒரு வரி வெள்ளை எழுத்து.

"நின்னுடுச்சுக்கா" என்றாள்.

"சத்தமா?"

"மெஷினே."

தலைவர் பதறவில்லை. "அதான் காப்பி இருக்கே" என்றார். தன் மகனின் மடிக்கணினியைக் கொண்டுவரச் சொன்னார். நித்யா பென் டிரைவைச் செருகினாள். திறந்தது.

முதல் பக்கத்தைப் பார்த்தாள். சரி. கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். அமிர்தத்தின் மூட்டை எண்கள் வரிசையாக இருந்தன. எந்த அட்டியில் எந்த எண் என்றுகூட இருந்தது.

"பாத்தியா? நல்ல நேரத்துல ஆரம்பிச்சோம்ல" என்றார் தலைவர்.

நித்யா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓர் எண்ணைத் தட்டினாள். ரகம் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. அடுத்ததைத் தட்டினாள். ஒன்றும் இல்லை. தட்டிக்கொண்டே போனாள்.

ரகம் இருக்கிற ஃபைலை எடுத்தது பத்தரைக்கு முன்னால். அப்போது அமிர்தத்தின் நெல் இயந்திரத்திலேயே ஏறவில்லை. அட்டி இருக்கிற ஃபைலை எடுத்தது பன்னிரண்டுக்குப் பின்னால். அதனால் மூட்டை எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரிகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அமிர்தம் அப்போதுதான் கூழ் குடித்துவிட்டு வந்தார். வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன எல்லாரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

நித்யா சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அமிர்தம் கேட்டுக்கொண்டார். தலைவர் பக்கம் திரும்பினார்.

"ராகுவுக்குப் பயந்தீங்க. கேது வந்து புடிச்சிக்கிட்டான்."

அதற்குமேல் திட்டவில்லை. அறுபத்திரண்டு மூட்டையும் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

காளியனின் பல்

காளியன் மேஸ்திரிக்கு ரோஷம் வந்தது.

"நெல்லத் தெரியாதா நமக்கு? கடிச்சுப் பாத்தா சொல்லிடுவேன்."

சோதித்துப் பார்ப்போம் என்றேன். பழைய அட்டியில் ரகம் தெரிந்த மூட்டைகள் இருந்தன. அவற்றிலிருந்து இரண்டு ரகத்திலும் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துத் தனித்தனித் தாளில் வைத்தேன். எது எது என்று எனக்கும் நித்யாவுக்கும் மட்டும் தெரியும்.

காளியன் ஒரு நெல்லை உரித்தார். கடித்தார். கண்ணை மூடினார்.

"இது நூத்தஞ்சு."

இல்லை.

அடுத்ததைக் கடித்தார். "இது நூத்தம்பது. சத்தியமா."

அதுவும் இல்லை.

"நேத்து வெத்தல போட்டேன். பல்லுல சுண்ணாம்பு இருக்கு" என்றார்.

"சுண்ணாம்பு இல்ல மேஸ்திரி, பல்லே இல்ல" என்றார் அவர் ஆள் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தமும் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

நானும் கையில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் பார்த்தேன். தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மின்விசிறி

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே பாய் வந்துவிட்டார். தோளில் ஒரு பை. டீ குடிக்கக்கூட உட்காரவில்லை. பென் டிரைவைப் பார்த்தார்.

"என்னம்மா இது? போட்டோவுல தலைய காலையில எடுத்து, ஒடம்ப மத்தியானம் எடுத்து ஒட்டுன மாதிரி இருக்கு."

நித்யா தலையைக் குனிந்துகொண்டாள். தலைவர் காலண்டரைப் பார்த்தார். பாய்க்கு விளங்கிவிட்டது. அதைப் பற்றி மேலே கேட்கவில்லை.

"ஒரு ஃபைல் கொறையுதே?"

"குப்பை மாதிரி இருந்துச்சு சார். விட்டுட்டேன்."

"அதுதாம்மா உசுரு."

பிறகு சொன்னார். இந்தப் புரோகிராம் எதையும் நேராக அதன் இடத்தில் எழுதாதாம். முதலில் ஓரமாக ஒரு ஃபைலில் வரிசையாகக் குறித்துக்கொள்ளுமாம். இந்த எண், இந்த ரகம், இந்த அட்டி என்று. அதன் பிறகுதான் ரகத்தை ரகத்தின் ஃபைலிலும், அட்டியை அட்டியின் ஃபைலிலும் கொண்டுபோய் வைக்குமாம். அந்தக் குறிப்பு கிடைத்தால் பத்தரை மணிப் பாதியை அதிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் நகர்த்திக்கொண்டு வந்துவிடலாம்.

குறிப்பு எங்கே இருக்கிறது? செத்துப்போன டிஸ்கில்.

"செத்துடுச்சுன்னு யார் சொன்னது? மூச்சு இருக்கான்னு பாப்போம்" என்றார்.

டிஸ்கைக் கழற்றினார். உள்ளங்கை அளவுதான் இருந்தது. தன் மடிக்கணினியோடு ஒயரில் மாட்டினார். மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பச் சொன்னார். சூடு ஏறக் கூடாதாம்.

"இப்பவே அந்த ஃபைல எடுத்துடலாமே பாய்?" என்றார் தலைவர்.

"கூடாதுங்க. அதுல ஒண்ணும் எழுதக் கூடாது, தேடக் கூடாது. இருக்கிறபடியே மொத்த டிஸ்க்கையும் ஒரு தடவை காப்பி எடுத்துக்கணும். படிக்க முடியாத எடத்தத் தாண்டிப் போயிடணும். அப்புறம் எல்லா வேலையும் காப்பியில. இதுக்கு ஒரு தடவை ஓடத்தான் தெம்பு இருக்கும். அத வீணாக்கக் கூடாது."

ஓடவிட்டார்.

திரையில் ஒரு கோடு நகர்ந்தது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காளியன் தன் ஆட்களை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார். மூட்டையைத் தொப்பென்று போட்டால் மேசை அதிரும் என்று அவராகவே சொன்னார். அன்று காலை குடோனில் எல்லோரும் மூட்டையைக் குழந்தை மாதிரி இறக்கினார்கள்.

அமிர்தம் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது.

"நாத்தங்கால்ல தண்ணி நிக்குது அக்கா. எப்ப வரட்டும்?"

"சொல்றேன்" என்பார். வைப்பார். மறுபடி அடிக்கும். மறுபடி "சொல்றேன்" என்பார்.

பாதியைத் தாண்டியதும் கோடு நின்றது. டிக் டிக் திரும்ப வந்தது. மின்விசிறி மட்டும் சுற்றியது. நெல் தூசி அதன் எதிரில் மேலும் கீழும் பறந்தது.

வெகுநேரம் கழித்துக் கோடு நகர்ந்தது.

"தாண்டிடுச்சு" என்றார் பாய். அப்போதுதான் டீ கேட்டார்.

கொட்டாவி

டீ குடிக்கும்போது தலைவர் கேட்டார். "ஓடுற மெஷின நிறுத்தாம காப்பியே எடுக்க முடியாதா பாய்? சீசன்ல வண்டி வந்து நின்னுக்கிட்டே இருக்கும். எப்படி மூடுறது?"

பாய் காளியனைப் பார்த்தார். "மேஸ்திரி, நீங்க இருப்பு எண்ணும்போது ஆளுங்க மூட்டை தூக்கிக்கிட்டிருந்தா என்ன ஆகும்?"

"இந்த அட்டியில எண்ணுன மூட்டை அந்த அட்டிக்கும் போயிடும். ரெண்டு தடவ எண்ணிடுவோம். இன்னொண்ணு ரெண்டுலயும் வராது."

"அதுக்கு என்ன செய்வீங்க?"

"நில்லுடாம்பேன். தலையில இருக்கிறத எறக்கி வச்சிட்டு நிப்பானுங்க."

"அதேதான். எழுதுறத ஒரு நிமிசம் நிறுத்தணும். கையில வச்சிருக்கிறத எல்லாம் டிஸ்க்குல எறக்கி வைக்கச் சொல்லணும். அந்த நேரத்துல மொத்த டிஸ்க்கும் எப்படி இருக்கோ அப்படியே ஒரு நெழல் புடிச்சிக்கணும். புடிச்சதும் வேலைய ஆரம்பிச்சிடலாம். காப்பிய நெழல்லேர்ந்து மெதுவா எடுத்துக்கலாம். சாயங்காலம் வரைக்கும்கூட எடுக்கலாம். இங்க எத்தன மூட்டை ஏறினாலும் நெழல் மாறாது."

"எவ்வளவு நேரம் நிறுத்தணும்?"

"ஒரு கொட்டாவி விடுற நேரம்."

தலைவர் யோசித்தார். "அந்தக் கொட்டாவிய நல்ல நேரத்துல வச்சிக்கலாமா?"

"தாராளமா வச்சிக்குங்க. ஆனா முழுக் கொட்டாவியும் ஒரே நேரத்துல விடணும். பாதி காலையில, பாதி மத்தியானம்னு விடக் கூடாது."

நித்யாகூடச் சிரித்தாள்.

இன்னொன்றும் சொன்னார். காப்பியை எடுத்து அலமாரியில் வைத்தால் போதாது. வேறு மெஷினில் திறந்து பார்க்க வேண்டும். முதலும் கடைசியும் மட்டும் அல்ல, நடுவிலும்.

புதுக் கணினி வந்த பிறகு அப்படித்தான் செய்கிறோம். அதில் நிழல் பிடிக்கிற வசதி வைத்துக் கொடுத்தார். சாயமும் திரும்ப வந்துவிட்டது. நான்தான் பூசுகிறேன். சிவப்பு, நீலம்.

அமிர்தம் சொன்னது

மத்தியானத்துக்கு மேல் முடிந்தது. டிஸ்கைத் தனியாக எடுத்து ஒரு துணியில் சுற்றி வைத்தார் பாய். காப்பியிலிருந்து குறிப்பு ஃபைலை எடுத்தார். பத்தரை மணிப் பாதியின் மேல் அதை ஓட்டினார்.

நித்யா ஓர் எண்ணைத் தட்டினாள். நூற்றைம்பது என்று வந்தது. அடுத்ததைத் தட்டினாள். நூற்றைந்து.

அமிர்தம் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார். நித்யா சொல்லச் சொல்ல நான் சாயக் குச்சியோடு அட்டியில் ஏறி மூட்டையில் கோடு போட்டேன்.

நடுவில் வெற்றுக் கட்டங்கள் வந்தன. டிஸ்க் டிக் டிக் என்று நின்றதே, அந்த இடம். அங்கே இருந்த குறிப்பு கிடைக்கவில்லை. பாய் இரண்டு மூன்று விதமாகப் பார்த்தார். பிறகு கையை விரித்தார்.

"அது போனது போனதுதான்மா."

பதினொரு மூட்டைக்கு ரகம் இல்லை.

தெரிந்த நீண்ட நாள் மூட்டைகளை எண்ணிப் பார்த்தோம். ஊர்க்காரர்களுக்குச் சொன்ன கணக்குக்குச் சரியாக இருந்தது. அமிர்தத்தின் சொந்த வயலுக்குத்தான் இல்லை.

தலைவர் மெதுவாகச் சொன்னார். "இந்தப் பதினொண்ணும் பெரும்பாலும் நூத்தம்பதாத்தான் இருக்கும் அமிர்தம். நீ கொண்டாந்ததுல அதுதானே அதிகம்? உன் வயலுக்குத்தானே, போட்டுக்க."

"பெரும்பாலும்னா?"

"பத்துக்கு ஏழு எட்டு இருக்கும்."

"மிச்சம்?"

தலைவர் பையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி செருகினார்.

"என் வயல் தனியாவா கெடக்கு? நாத்து மிஞ்சினா பக்கத்து வயக்காரன் கேப்பான். இல்லன்னு சொல்ல முடியுமா? தெரியாத வெதைய என் வயல்லயும் போட மாட்டேன்."

"ஊருக்குக் கொடுக்கிறதுல ரெண்டு மூட்டையக் கொறைச்சுக்கயேன்" என்றேன் நான்.

என்னைப் பார்த்தார். "ஊருக்குச் சொல்லிட்டேன் தனம்" என்றார்.

போனை எடுத்தார். ஊருக்குப் பேசினார்.

"வண்டியக் கொண்டாங்க. வெதை இருக்கு."

பதினொரு மூட்டையும் அரவைக்குப் போனது. ஏற்றும்போது அமிர்தம் அங்கே நிற்கவில்லை. வாய்க்காலில் இறங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் போகத்தில் அவர் வயல் புரட்டாசி வரை சும்மா கிடந்தது. பிறகு நூற்றைந்து நாள் நெல்லை நட்டார்.

தகர டின்

அரவைக்கு ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து வைத்தேன். எண்ணெய் டின்களை வெட்டி மண் நிரப்பிக் குடோன் பின்னால் வரிசையாக வைத்தேன். ஒரு டின்னுக்கு ஒரு மூட்டை. ஸ்டிக்கர் எண்ணைச் சாயத்தால் எழுதினேன்.

எதற்கு என்று காளியன் கேட்டார்.

"சும்மாதான்."

"எலிக்கா?"

"சும்மாதான் மேஸ்திரி."

பயிர் நன்றாக வந்தது. ஐப்பசியில் அடைமழை பிடித்தது. குடோன் கூரையிலிருந்து தண்ணீர் டின்களுக்குள் விழுந்துகொண்டே இருந்தது. சாக்கை முக்காடு போட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பேன். அமிர்தமும் விதைக் காரியமாக வந்தால் பின்பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

கார்த்திகைக் கடைசியில், மழை விட்ட பிறகு, கதிர் வந்த டின்கள் ஏழு.

ஐப்பசி மழையிலேயே பூத்துக் கரைந்தவை நான்கு.